ஒரு கார்க் கம்பெனி உயர்ந்ததும் தாழ்ந்ததும்



சில வாரங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். அவனுடைய தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடந்ததாம். ஏதோ ஓர் ஆங்கில இதழிலிருந்து கிழித்தெடுத்த கார் விளம்பரம் அது. காரின் முகப்பு ஆகாய விமானத்தின் மூக்கைப் போல உருண்டு திரண்டு முன்னுக்கு நீண்டிருந்தது. "சார், இது என்ன கார்? ரோட்டில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லையே!" என்று கேட்டான்.

படத்தின் அடியில் 'ஸ்டூடிபேக்கர்' என்று அச்சிட்டிருந்தது. "இந்தக் காரைச் செய்த கம்பெனி இப்போது இல்லை, தம்பி" என்றேன். "ஏன் சார் இல்லாமல் போனது?" என்று உடனே அடுத்த கேள்வி வந்தது. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் என்றோ மூடிப்போன ஒரு கார்க் கம்பெனியின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, மரம் மரமாக ஓடி, மங்கு மங்காகச் சேர்த்த ரப்பர்ப் பாலை நினைத்துப் பாருங்கள். அந்நாளில் மலாயா ரப்பரை மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. அங்கே ஓடிய கார்களுக்கு டயராகத்தான் அந்த ரப்பர் உருண்டது. ஆகவே அந்தத் தொழிலின் ஏற்றத் தாழ்வில் நமக்கும் ஒரு பங்கு இருந்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. அந்தக் கம்பெனி கதவைச் சாத்தியபோது அங்கே உழைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது, கூலிக்கு உழைக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

முதலில் கம்பெனி எப்படித் தோன்றியது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் இந்தியானா என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் வட கோடியில், சிகாகோ பெருநகரத்திற்குக் கிழக்கே, சவுத் பெண்ட் என்ற ஊர் உள்ளது. 1852ஆம் ஆண்டு ஹென்றி ஸ்டூடிபேக்கர், கிளெமென்ட் ஸ்டூடிபேக்கர் என்ற அண்ணன் தம்பி இருவர் அங்கே ஒரு கொல்லுப் பட்டறை தொடங்கினார்கள். கையில் இருந்த முதல் 68 டாலர்தான் என்று சொல்வார்கள். குதிரைக்கு இலாடம் அடிப்பதும், குதிரை வண்டி செய்வதும், பழுது பார்ப்பதும் அவர்கள் தொழில்.

அவர்களுடைய தம்பி ஜான், அந்த நாளில் தங்கம் கிடைத்த கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டுப் போனார். எல்லாரும் தங்கம் தோண்டப் போக, இவர் போன இடத்தில் வேறு வேலை பிடித்தார். தங்கம் தோண்டுகிறவர்களுக்கு மண் அள்ளிக் கொட்ட ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி தேவைப்பட்டது. அதைச் செய்து விற்றார். தோண்டியவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். தள்ளுவண்டி செய்த ஜான், சில ஆண்டுகளில் 8,000 டாலர் சேர்த்துக்கொண்டு 1858இல் ஊர் திரும்பினார். மூத்தவர் ஹென்றி பயிர்த்தொழிலை நாடிப் பிரிந்துபோக, அவருடைய பங்கை ஜான் வாங்கினார். அந்தப் பணத்தில் பட்டறை தொழிற்சாலையாக வளர்ந்தது.

பிறகு அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது. படைக்குப் பார வண்டிகள் வேண்டியிருந்தன. மேற்குத் திசை நோக்கிக் குடியேறப் போன குடும்பங்களுக்கும் வண்டிகள் வேண்டியிருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள், உலகிலேயே மிகப் பெரிய வண்டித் தொழிற்சாலைகளில் ஒன்று என்ற பெயரை ஸ்டூடிபேக்கர் பெற்றுவிட்டது.

இங்கேதான் அந்தக் குடும்பத்தின் முன்னோக்கு வெளிப்படுகிறது. குதிரை வண்டியில் கொடிகட்டிப் பறந்த ஒரு கம்பெனி, குதிரை இல்லாத வண்டி வந்தபோது என்ன செய்திருக்கும்? 'இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு, நாலு நாளில் போய்விடும்' என்று அலட்சியமாக இருந்திருக்கலாம். அப்படி இருந்த வண்டிக் கம்பெனிகள் பல, சுவடு தெரியாமல் மறைந்தன. ஸ்டூடிபேக்கர் 1902ஆம் ஆண்டிலேயே கார் விற்கத் தொடங்கிவிட்டது. அதுவும் எந்தக் கார் தெரியுமா? பேட்டரியால் ஓடும் மின்சாரக் கார். இன்று புதுமை என்று பேசப்படும் மின்சாரக் காரை நூறு ஆண்டுகளுக்கு முன்பே விற்றவர்கள் அவர்கள். வாங்கியவர்களில் விஞ்ஞானி தாமஸ் எடிசனும் ஒருவர். 1904இல் பெட்ரோல் காரும் வந்தது. 1920ஆம் ஆண்டளவில் குதிரை வண்டித் தொழிலைக் கைவிட்டு, முழுக்க முழுக்கக் கார்க் கம்பெனியாகவே மாறிவிட்டார்கள். தாத்தா காலத்துத் தொழிலை விட்டுப் புதுத் தொழிலுக்குத் தாவிக் காலூன்றிய வண்டிக்காரர்கள் அமெரிக்காவிலேயே மிகச் சிலர்தாம்.

இத்தனை தொலைநோக்கு இருந்த கம்பெனிக்கு முதல் அடி 1930களில் விழுந்தது.

1929இன் இறுதியில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது. நம் நாட்டிலும் அந்த மந்தத்தால் ரப்பர் விலை படுவீழ்ச்சி அடைந்து, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்ப நேர்ந்ததை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்போது ஸ்டூடிபேக்கரின் தலைவராக இருந்தவர் ஆல்பர்ட் எர்ஸ்கின். 'இந்த மந்தம் விரைவில் நீங்கிவிடும்' என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில், கம்பெனி சம்பாதித்ததைக் காட்டிலும் அதிகமான தொகையைப் பங்குதாரர்களுக்கு இலாப ஈவாக அள்ளிக் கொடுத்தார். விதை நெல்லை எடுத்து விருந்து வைத்த கதைதான். கையிருப்புக் கரைந்தது. 1933ஆம் ஆண்டு கம்பெனி கடனைத் தீர்க்க முடியாமல், நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளர்களின் கைக்குப் போனது. அதே ஆண்டு ஜூலை மாதம் எர்ஸ்கின் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

எல்லாரும் கம்பெனியின் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். ஆனால் முடியவில்லை. பால் ஹாஃப்மன், ஹரால்ட் வான்ஸ் என்ற இருவர் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். 1935இல் கம்பெனி மீண்டும் சொந்தக் காலில் நின்றது. 1939இல் சாம்பியன் என்ற காரை வெளியிட்டார்கள். எடை குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு. சாதாரண மக்கள் விரும்பி வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் படை லாரிகளும், விமான எஞ்சின்களும் செய்து கொடுத்துக் கம்பெனி வலுவடைந்தது.

போர் முடிந்ததும் மற்றக் கம்பெனிகள் பல போருக்கு முந்திய பழைய கார்களையே சிறிது ஒப்பனை செய்து விற்றுக்கொண்டிருந்தன. ஸ்டூடிபேக்கரோ 1946இலேயே முற்றிலும் புதிய வடிவத்தில் காரைக் கொண்டுவந்தது. ரேமண்ட் லோவி என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் குழு அதை உருவாக்கியது. அதன் ஒரு வகைக்குப் பின்பக்கத்திலும் முன்பக்கத்தைப் போலவே அகன்று வளைந்த கண்ணாடி இருந்தது. 'இந்தக் கார் வருகிறதா, போகிறதா?' என்று ஊரார் வேடிக்கை பேசினார்கள். வேடிக்கை பேசினாலும் வாங்கினார்கள். பிறகு வந்ததுதான் என் மாணவன் கொண்டுவந்த படத்திலுள்ள விமான மூக்குக் கார். 1950ஆம் ஆண்டு மாடலாக வந்த அந்தக் கார் விற்பனையில் சாதனை படைத்தது. அந்த ஒரு மாடல் ஆண்டில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைச் செய்தார்கள். சவுத் பெண்டில் தகப்பனும் மகனும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்வது சாதாரணம். கம்பெனி அதைப் பெருமையாக விளம்பரத்திலும் போட்டது. தலைமுறை தலைமுறையாக ஒரே தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு அந்தப் பெருமை நன்றாகவே புரியும்.

நேயர்களே, உச்சியில் நிற்கும் இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்போம். வீழ்ச்சியின் விதை இங்கேதான் விழுந்தது.

கார்த் தொழிலின் நுட்பம் ஒன்றை முதலில் விளக்கிவிடுகிறேன். காரின் கதவு, கூரை, முகப்பு எல்லாம் தகட்டை அச்சில் வைத்து அழுத்திச் செய்யப்படுகின்றன. புதிய மாடல் என்றால் புதிய அச்சுகள் வேண்டும். ஆயிரம் கார் செய்தாலும் ஆறு இலட்சம் கார் செய்தாலும் அச்சுச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். கணக்குக்காக, அச்சுகளுக்கு ஒரு கோடி டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து இலட்சம் கார் விற்கும் கம்பெனிக்குக் கார் ஒன்றுக்குப் பத்து டாலர்தான் செலவு விழும். ஒரு இலட்சம் கார் விற்கும் கம்பெனிக்கு அதே செலவு கார் ஒன்றுக்கு நூறு டாலர். தோட்டத்தில் நாடகம் போடுகிறோம். மேடைக்கும் விளக்குக்கும் ஒரே வாடகைதான். ஐம்பது பேர் வந்தால் டிக்கெட் விலையை ஏற்ற வேண்டும். ஐந்நூறு பேர் வந்தால் குறைத்துவிடலாம். இந்தக் கணக்கில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற மூன்று பெரிய கம்பெனிகளுக்கு எப்போதும் ஆதாயம். ஸ்டூடிபேக்கர் சிறிய கம்பெனி. பெரியவர்களோடு போட்டியிட வேண்டுமானால், நல்ல காலத்தில் வந்த பணத்தைச் சேமித்துப் புதிய இயந்திரமும் புதிய கூடமும் வாங்கியிருக்க வேண்டும்.

அதைப் போதிய அளவு செய்யவில்லை. போருக்குப் பின் வந்த இலாபத்தில் பெரும்பங்கு மீண்டும் பங்குதாரர்களுக்கே ஈவாகப் போனது. தொழிற்சாலையோ பழைய காலத்துப் பல மாடிக் கட்டடம். காரின் உடற்பகுதிகளை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கும், ஒரு மாடியிலிருந்து இன்னொன்றுக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது. மற்றவர்களோ தரைமட்டத்தில் விரிந்த புதிய கூடங்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சங்கத்தோடு சச்சரவு வேண்டாம் என்று நிர்வாகம் கேட்டதையெல்லாம் கொடுத்தது. ஸ்டூடிபேக்கர் தொழிலாளியின் ஊதியம் பெரிய கம்பெனிகளில் உள்ளதைவிட அதிகமாக இருந்தது. நல்ல ஊதியம் கொடுத்தது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். உழைப்பவன் வயிறு நிறைவது நல்லதுதான். ஆனால் அந்த ஊதியத்தைத் தொடர்ந்து கொடுக்கும் அளவுக்கு இயந்திரத்தையும் முறையையும் புதுப்பிக்காமல் விட்டது நிர்வாகத்தின் தவறு.

1953இல் தாழ்வான, எழில் மிகுந்த புதிய கார் ஒன்று வந்தது. இன்றும் வல்லுநர்கள் அதன் அழகைப் புகழ்கிறார்கள். ஆனால் என்ன நடந்தது? மக்கள் இரண்டு கதவுள்ள அழகிய வகையைக் கேட்டார்கள்; நிர்வாகமோ நான்கு கதவுள்ள சாதாரண வகையையே அதிகம் செய்யத் திட்டமிட்டிருந்தது. பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாத கோளாறும் சேர்ந்துகொண்டது. மாற்றிச் சரிசெய்வதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அதே வேளையில் ஃபோர்டும் செவர்லேயும் விற்பனையில் முதலிடத்துக்காக மோதிக்கொண்டு விலையைக் குறைத்தன. யானைகள் சண்டையில் புல்தரை நசுங்குவது போல, சிறிய கம்பெனிகள் நசுங்கின.

1954ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஊதியத்தைக் குறைத்துக்கொண்டால்தான் கம்பெனி பிழைக்கும் என்று நிர்வாகம் தொழிலாளர்களிடம் கேட்டது. முதல் வாக்கெடுப்பில் அவர்கள் மறுத்தார்கள். பிறகு மீண்டும் கூடி, ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் சம்பளத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளக் கை உயர்த்துவது எளிதான காரியமா? கம்பெனி வாழ்ந்தால்தான் நாமும் வாழ்வோம் என்று எண்ணித்தான் இசைந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் பேக்கார்டு என்ற இன்னொரு பழைய கம்பெனியோடு ஸ்டூடிபேக்கர் இணைந்தது. பேக்கார்டு செல்வந்தர்களுக்கு உயர்தரக் கார் செய்துவந்த கம்பெனி. இணைந்த பிறகுதான், நட்டமில்லாமல் இருக்கவே ஸ்டூடிபேக்கர் எத்தனை கார் விற்க வேண்டும் என்ற உண்மைக் கணக்கு வெளிப்பட்டது. நினைத்ததைவிட அந்த எண்ணிக்கை மிக அதிகம். நீந்தத் தெரியாத இருவர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்ட நிலை. பேக்கார்டு மூழ்கியது. 1958க்குப் பின் அந்தப் பெயரில் கார் வரவில்லை.

அணையும் விளக்குச் சுடர்விடும் என்பார்கள். 1959ஆம் ஆண்டு மாடலாக லார்க் என்ற சிறிய காரை ஸ்டூடிபேக்கர் வெளியிட்டது. லார்க் என்றால் வானம்பாடி. பெரிய பெரிய கார்களைக் கண்டு அலுத்திருந்த மக்கள் அதை விரும்பினார்கள். அந்த ஆண்டு நல்ல இலாபம் வந்தது. ஆனால் அடுத்த ஆண்டே மூன்று பெரிய கம்பெனிகளும் ஆளுக்கொரு சிறிய காரோடு சந்தைக்கு வந்துவிட்டன. வழி காட்டியவர் ஸ்டூடிபேக்கர்; அந்த வழியில் பெருவண்டி ஓட்டியவர்கள் மற்றவர்கள். 1962இல் அவாந்தி என்ற கண்ணாடி இழை உடல் கொண்ட வேகக் காரும் வந்தது. காண அற்புதம். ஆனால் உடற்பகுதிகள் சரியாகவும் நேரத்துக்கும் வந்து சேரவில்லை. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் பலர் வேறு கார் வாங்கிக்கொண்டார்கள்.

1963ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், சவுத் பெண்ட் தொழிற்சாலை மூடப்படும் என்று கம்பெனி அறிவித்தது. அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரமே இருந்தது. டிசம்பர் 20ஆம் நாள் கடைசிக் கார் வெளியே வந்தது. ஏறத்தாழ 7,000 பேர் வேலை இழந்தார்கள். கனடா நாட்டில் ஹாமில்டன் நகரிலிருந்த கிளை மட்டும் 1966 மார்ச் வரை கார் செய்தது. பிறகு அதுவும் நின்றது.

ஒன்றைக் கவனியுங்கள். கார்த் தொழிற்சாலை மூடியதே தவிர, கம்பெனி உடனே அழிந்துவிடவில்லை. முன்கூட்டியே வேறு பல தொழில்களை அது வாங்கி வைத்திருந்தது. அவற்றைக் கொண்டு பங்குதாரர்களின் கம்பெனி பிழைத்தது. 1967இல் வேறொரு நிறுவனத்துடன் சேர்ந்தது. அப்படியானால் காரைச் செய்த தொழிலாளர்களின் கதி என்ன?

1950ஆம் ஆண்டு, கம்பெனி செழிப்பாக இருந்த அதே காலத்தில், தொழிலாளர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. திட்டத்துக்கு முன்பு உழைத்த ஆண்டுகளுக்கும் சேர்த்து ஓய்வூதியம் தருவதாக வாக்குறுதி. கேட்க மிக நன்றாக இருந்தது. ஆனால் அத்தனை பேருக்கும் வேண்டிய பணம் அன்றே நிதியில் போடப்படவில்லை. பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் போட்டு நிரப்புவதாக ஏற்பாடு. நிதியில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு மட்டுமே தொழிலாளி உரிமை கோரலாம் என்பது ஒப்பந்தத்தில் அடங்கிய விதி. குடம் பெரிது, உள்ளே தண்ணீர் பாதிதான். குடத்தைப் பார்த்தவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

தொழிற்சாலை மூடியதும் தண்ணீரின் அளவு தெரிந்துவிட்டது. திட்டத்தில் சுமார் 10,500 பேர் இருந்தார்கள். அவர்களை மூன்று வரிசையாகப் பிரித்தார்கள். ஏற்கனவே ஓய்வு பெற்றவர்களும், 60 வயதைத் தொட்டவர்களுமாக ஏறக்குறைய 3,600 பேருக்கு முழு ஓய்வூதியம் கிடைத்தது. பத்தாண்டும் அதற்கு மேலும் உழைத்த, 40 முதல் 59 வயது வரையுள்ள சுமார் 4,000 பேருக்கு, வரவேண்டியதில் 15 விழுக்காடுதான் கிடைத்தது. நம் கணக்கில் சொன்னால் வெள்ளிக்குப் பதினைந்து காசு. எஞ்சிய 2,900 பேருக்கு ஒரு காசும் இல்லை.

அந்த நடு வரிசையை எண்ணிப் பாருங்கள். அவர்களின் சராசரி வயது 52. சராசரியாக உழைத்தது 23 ஆண்டு. வேறு இடத்தில் புதிதாக வேலை தேடும் வயதும் இல்லை. ஓய்வு பெறும் வயதும் இல்லை. கம்பெனிக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளக் கை உயர்த்தினார்களே, அவர்களில் பலர் இந்த வரிசையில்தான் நின்றிருப்பார்கள். 60 வயதுக்குச் சில மாதம் குறைந்தவருக்குக் கிடைத்ததும் அந்தப் பதினைந்து விழுக்காடுதான்.

இந்த அநீதி வீணாகவில்லை என்பது ஒன்றே ஆறுதல். தொழிற்சங்கத்தினரும் சில செனட்டர்களும் விடாமல் குரல் கொடுத்தார்கள். தொலைக்காட்சியிலும் இத்தகைய திட்டங்களின் குறை விவாதிக்கப்பட்டது. பத்தாண்டுக்குப் பின், 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், தொழிலாளர் தினத்தன்று, அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். இவருக்கும் கார் செய்யும் ஃபோர்டு குடும்பத்துக்கும் உறவு ஏதும் இல்லை. ஓய்வூதியம் வாக்களிக்கும் முதலாளி அதற்குரிய பணத்தை ஒழுங்காக நிதியில் போட்டு வரவேண்டும் என்றும், குறிப்பிட்ட ஆண்டுகள் உழைத்தவரின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் விதித்தது. நிதி முறிந்துபோனால் ஓர் அளவு வரை ஈடு செய்யக் காப்புறுதி அமைப்பு ஒன்றையும் ஏற்படுத்தியது. அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது.

இப்போது நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். நம் நாட்டில் 1951ஆம் ஆண்டு முதல் ஊழியர் சேமநிதி இருக்கிறது. அதில் தொழிலாளியின் பங்கும் முதலாளியின் பங்கும் தொழிலாளியின் பெயரிலேயே, அவருடைய சொந்தக் கணக்கில் சேர்கின்றன. தோட்டம் கைமாறினாலும், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டாலும், செம்பனையையும் அழித்து வீடு கட்டினாலும், கணக்கில் சேர்ந்த பணம் நம்முடையதுதான். சவுத் பெண்ட் தொழிலாளர்களுக்கு இல்லாதிருந்த பாதுகாப்பு இது. ஆனால் ஒரு நிபந்தனை: பணம் உண்மையில் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது என் தகப்பனார் ஐம்பத்தைந்து வயதில் பால்வெட்டும் உளியைக் கீழே வைத்தார். சேமநிதிப் பணம் எடுக்கப் போனபோது கணக்கில் ஏழு மாதச் சந்தா காணவில்லை. தோட்டம் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிய சமயம் அது. சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள், ஆனால் கட்டவில்லை. அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. ஆண்டுதோறும் வந்த கணக்கறிக்கையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுவார். நல்ல வேளையாக, அம்மா சம்பளச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அவற்றைக் கொண்டுபோய்க் காட்டி, அலையாய் அலைந்து, ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் அந்தப் பணம் வந்தது. பெரிய தொகை அன்று. ஆனாலும் ஏழு மாதம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்த உழைப்பு அது.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த வாரம் வீட்டில் இருக்கும் சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு மாதம் மாதமாக ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது கைப்பேசியிலேயே கணக்கைப் பார்க்கலாம். தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு மாதம் விடுபட்டிருந்தாலும் அன்றே கேளுங்கள். முதலாளி நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றிய பேச்சன்று இது. ஸ்டூடிபேக்கர் சகோதரர்களும் நல்லவர்கள்தாம். அவர்கள் கம்பெனி நூறு ஆண்டுக்கு மேல் நின்றது. நூறு ஆண்டு நின்ற மரமும் ஒரு நாள் சாயலாம். சாயும்போது நம் பங்கு நம் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்த மாணவனுக்கு இந்தக் கதையைச் சுருக்கிச் சொன்னேன். படத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "அந்தக் கார் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா சார்?" என்று கேட்டான். இருக்கிறது. சவுத் பெண்டில் ஸ்டூடிபேக்கர் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. பழைய குதிரை வண்டிகளும் விமான மூக்குக் கார்களும் அங்கே துடைத்துப் பளபளவென்று நிற்கின்றன. வண்டிகளை மக்கள் இன்றும் வந்து பார்க்கிறார்கள். அவற்றைச் செய்த கைகளுக்கு வெள்ளிக்குப் பதினைந்து காசு கிடைத்ததையும் நாம் மறக்காமல் இருப்போம்.